மூலை வெட்டிய கருந்துணி

2003இல் திருவிடந்தைப் பக்கம் போன வண்டி எதுவும் பிரேக் போடாமல் போனதில்லை. சாலையை மறித்துக்கொண்டு அப்படி ஒரு கூட்டம்! கல்யாணத் தடை நீங்கக் கோயிலுக்கு வந்தவர்களில் பாதிப்பேரைத் தன் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார் கரிச்சித்தர். அவர் கையில் ஒரு கருந்துணி. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவேண்டும். சொட்டு முத்தாக உருண்டோடினால் தோஷம். துணி குடித்துவிட்டால் நிவர்த்தி. பூஜைக்கு முன்னால் யாருக்கும் துணி குடித்ததில்லை. பூஜைக்குப் பின்னால் குடிக்காமல் இருந்ததுமில்லை. என்ன ஒழுங்கான தோஷம்!

கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் தெய்வநாயகி மூன்று வாரமாக அழுதுகொண்டிருந்தாள். மகள் ரோகிணியின் பெயரைச் சொல்லி அவள் விட்ட சொட்டு உருண்டோடிவிட்டது. செய்தி மாப்பிள்ளை பரணிதரன் வீட்டுக்கும் எட்டியது. "சித்தர் வாயால நிவர்த்தின்னு வரணும். இல்லேன்னா வேற எடம் பாத்துக்கறோம்" என்றாள் அவன் அம்மா சரோஜா. பரணிதரன் இன்ஜினியர். வாயைத் திறக்கவில்லை.

சித்தர் அமாவாசையை ஒட்டித்தான் நிவர்த்தி செய்வார். அமாவாசைக்கு மறுநாள் எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். படூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ரோகிணி, லீவு போட்டு உர்ரென்று வந்திருந்தாள். சித்தர் சாம்பிராணியைப் பற்றவைக்கப் போனார். அவர் மணைக்கு அடியில் இன்னொரு கருந்துணி எட்டிப் பார்த்தது. ரோகிணி அதை உருவினாள். அதன் மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது.

"இன்னா சாமி, மூலை வெட்டியிருக்கு?"

"அது சூலக்குறி கண்ணு. சிவன் போட்டது."

"இல்ல. நான் போட்டது."

தெய்வநாயகி பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பூஜை இன்னும் ஆரம்பிக்கல. தோஷம் முழுசா என் மேலதானே கீது?" என்று கேட்டாள் ரோகிணி.

"ஆமா..." என்றார் சித்தர்.

ரோகிணி மூலை வெட்டிய துணியில் ஒரு சொட்டு விட்டாள். துணி மடக்கென்று குடித்தது. சித்தர் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, "இப்ப நீங்க வுடுங்க" என்றாள். விட்டார். சொட்டு உருண்டு அவர் மடியிலேயே விழுந்தது.

"சாமிக்கே தோஷம் கீதுடா!" என்றது ஒரு குரல்.

ரோகிணி கூட்டத்தைப் பார்த்தாள். "ரெண்டும் எங்க லேப்ல பொழங்கற ஒரே ரகத் துணிதான், கரி நூல்ல நெய்தது. ஒண்ண மட்டும் பெட்டிக்குள்ள வச்சு, காத்த உறிஞ்சிட்டு, கொஞ்சம் வாயு வுட்டு மின்சாரம் பாய்ச்சுவோம். வாயு ஊதாவா ஒளிரும். அதான் பிளாஸ்மா. அது பட்டா மேல்தோல் மட்டும் மாறி தண்ணிய இழுக்கும். உள்ள அதே கரிதான். கண்ணால பாத்தா வித்தியாசம் தெரியாது, அதான் மூலைய வெட்டி வைப்போம். சில வாரத்துல அந்தக் குணமும் போயிடும். எங்க லேப்லயும் அமாவாசைக்கு அமாவாசை கழுவி, பூசணிக்கா உடைச்சு, கழிச்ச துணிய வெளிய போடறாங்க. சாமிக்குப் புதுச் சரக்கு அப்பதான் கெடைக்குது!"

பிறகு சித்தரின் தாடியை உற்றுப் பார்த்தாள். "எங்க லேப்ப பெருக்கிகினு இருந்தியே சீனு அண்ணாத்த, உனக்கும் மேல்தோல் மட்டும்தான் மாறிச்சா?"

சித்தர் ஜடாமுடியைக் கையில் சுருட்டிக்கொண்டு பின்பக்கத் தட்டியைப் பிய்த்து ஓடினார்.

சரோஜா மெதுவாக நகர்ந்து வந்தாள். "சரிம்மா, அந்தப் பிளாஸ்மா சாமி எந்தக் கோயில்ல கீது? அங்கயும் ஒரு தபா சொட்டு வுட்டுப் பாத்துட்டா மனசுக்கு நிம்மதி."

பரணிதரன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. தெய்வநாயகிக்குத் தான் அழுத மூன்று வாரமும் நினைவுக்கு வந்தது. தன் மேலேயே எரிச்சலாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாங்கதான் வேற எடம் பாத்துக்கறோம் சம்பந்தியம்மா. தண்ணி வுட்டுப் பாக்கற வூடு வேணாம். யோசிச்சுப் பாக்கற வூடா இருந்தா போதும்."