மழை பார்க்கப் போனவர்கள்

அன்பு மருமகனுக்கு,

உன் தாய்மாமன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். என் முதுகு மட்டும் சௌக்கியம் இல்லை, அது என்றைக்கு என் பேச்சைக் கேட்டது? அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதுவரை நான் உனக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும் "அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே, நான் இருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருப்பேன். இந்தக் கடிதத்தில் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. நடுவில் ஃபோனை எடுத்து என்னைக் கூப்பிடாதே. வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் எழுதுகிறேன்.

நான் ஊர் மன்ற உறுப்பினர் ஆனது உனக்குத் தெரியும். ஆனேன் என்பதைவிட ஆக்கப்பட்டேன் என்று சொல்வதுதான் சரி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியும் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் சமாளிக்க அங்கே கூட்டமே இல்லை. மரவாடி வைத்திருக்கிற தலைவர், மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா, சைக்கிள் கடைக்காரர், பேசாமல் தலையாட்டுவதற்கென்றே பிறந்த இன்னும் ஓரிருவர், இவர்களோடு ஒரு குமாஸ்தா. ஒரு கால் குட்டையான நீள மேஜை, அந்தக் காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை, யார் முழங்கையை ஊன்றினாலும் மற்றவர்களின் டீ தளும்பும். சாக்கடை அடைப்பு, குழாயில் தண்ணீர் வராதது, எரிய வேண்டிய நேரத்தில் அணைந்தும் அணைய வேண்டிய நேரத்தில் எரிந்தும் தொலைக்கிற தெருவிளக்கு, இவைதான் எங்கள் உலக விவகாரங்கள். இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். அப்பனே, சாக்கடையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை விடப் பெரிய சண்டை இந்த உலகத்தில் கிடையாது.

அதனால்தான் எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தில் ஏதோ ஒரு குழாயை எங்கே வைப்பது என்று இரண்டு பேர் முட்டிக்கொண்டு, பிறகு ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகாத அளவுக்கு ஆகிவிட்டதாம். சின்ன ஊர். இன்றைக்கு ஒருவனை எதிர்த்துப் பேசிவிட்டால் நாளைக்கு அவன் கடையில்தான் டியூபுக்குப் பஞ்சர் ஒட்ட வேண்டும். ஆகவே ஒரு தீர்மானம் பிடிக்கவில்லை என்றால், நாற்காலியை மெதுவாக நகர்த்தி, "மழை வர்ற மாதிரி இருக்கு, பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். உள்ளே மிச்சம் இருப்பவர்கள் நிறைவேற்றிவிடுவார்கள். பிறகு "மழை இல்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார வேண்டும். மூன்று பேருக்கு மேல் மழை பார்க்கப் போனால் தலைவர் புரிந்துகொண்டு "இதை அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளி வைத்துவிடுவார். வெயில் மண்டையைப் பிளக்கும்போதுகூட எங்கள் ஊரில் மழை பார்த்திருக்கிறோம். எழுத்தில் பார்த்தால் எங்கள் மன்றம் போல ஒற்றுமையான மன்றம் எங்கும் இருக்காது. தீர்மானம் எல்லாம் ஏகமனதாக.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா வீட்டு ஜன்னலை ஒட்டி ஒரு சந்து போகிறதே, அதன் வழியாகத்தானே ஊர் முழுக்கப் பஸ் நிறுத்தத்துக்குப் போகும். முழங்கால் விட்டுப்போனதிலிருந்து உன் அம்மா வாசலைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் தையல் மெஷினை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டால் ஊரே அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். பை வார் அறுந்தவன் நின்று தைத்துக்கொண்டு போவான், சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், பொண்ணு பார்த்துவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அவளிடம்தான் பொண்ணு எப்படி என்று சொல்வார்கள். நீ "என்னோடு வந்துவிடு" என்று கூப்பிடும்போதெல்லாம் "பாக்கலாம்ப்பா, பாக்கலாம்" என்று அவள் இழுத்ததற்கு அந்த ஜன்னல்தான் காரணம் என்பது உனக்கே தெரியும்.

அந்தச் சந்து டீக்கடையின் பின்பக்கம் வழியாகப் போய்ப் பஸ் நிறுத்தத்தில் முடிகிறது. ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடின எவனோ, டீக்கடைக்காரர் கழுவிக் காயவைத்திருந்த கிளாஸ் தட்டில் காலை வைத்துவிட்டான். அந்தக் கோபத்தில் அவர் மன்றத்துக்கு மனு எழுதிப் போட்டார், சந்தின் வாயைச் சுவர் வைத்து அடைக்க வேண்டும் என்று. மறுநாளே கோபம் ஆறிவிட்டது. "நான் சும்மா ஒரு ஆத்திரத்துல எழுதினேன்" என்று பின்னால் என்னிடமே சொன்னார். ஆனால் கொடுத்த மனுவைத் திரும்பக் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லையா. நாங்கள் எல்லோரும் அவர் கடையில்தான் டீ குடிக்கிறோம். வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே எவன் சொல்வான்? பூனைக்கு மணி கட்டுகிற கதைதான்.

கூட்டத்தில் குமாஸ்தா மனுவைப் படித்து முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். என் அக்கா வீட்டு விஷயம், நான் உள்ளே இருந்தால் நன்றாக இருக்காது. வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன், மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை. நர்ஸம்மா வந்தார். "ஈரக் காத்தா இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். சைக்கிள் கடைக்காரர் வந்தார். தலையாட்டுகிறவர்கள் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இத்தனை பேர் வெளியே வந்துவிட்டால் தலைவர் எப்படி நிறைவேற்றுவார், தள்ளித்தானே வைப்பார் என்று நின்றுகொண்டிருந்தேன். அப்போது பார், கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவர் வருகிறார். அவருக்கும் பிடிக்கவில்லையாம். முன்வாசலில் நாங்கள் நிற்போம் என்று கூச்சப்பட்டுப் பின்வாசல் வழியாக மழை பார்க்கப் போயிருக்கிறார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது நர்ஸம்மாதான் கேட்டார், "அப்போ உள்ள யாரு இருக்கா?" என்று.

உள்ளே குமாஸ்தா இருந்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் தெரிந்த மனிதர். காலி நாற்காலிகளைப் பார்த்து முறைப்படி "எதிர்ப்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறார். நாற்காலிகள் எதிர்க்கவில்லை. எதிர்ப்பு இல்லாவிட்டால் நிறைவேறியதாகக் கொள்ள வேண்டும் என்று விதி. ஏகமனதாக என்று எழுதிவிட்டார். நாங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே வெளியே போனோம், ஆள் கணக்கும் சரியாக இருக்கிறது. நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் தலைவர் தொண்டையைக் கனைத்து, "யாருக்காவது வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, மாத்திடலாம்" என்றார். ஒரு வார்த்தை, மருமகனே. ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் போதும். தேள் கொட்டின திருடன் மாதிரி எல்லோரும் மேஜையைப் பார்த்தோம். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டேன்.

கொத்தனார் வந்து சுவர் வைத்துவிட்டார். இப்போது சந்தில் யாரும் வருவதில்லை, வந்தால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். எல்லோரும் பெரிய தெரு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். தினமும் சாயங்காலம் நான் போய்ப் பார்க்கிறேன். உன் அம்மா மெஷினுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஏதாவது சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறாள், பூனையாக இருக்கும். தைத்ததைப் பிரித்து மறுபடி தைக்கிறாள். நேற்று என்னைக் கேட்டாள், "யாருடா சந்தை அடைக்கணும்னு சொன்னது?" என்று.

"தீர்மானம் ஏகமனதாக்கா."

"நீயும் அங்கதானே இருந்த?"

"நான் வெளிய இருந்தேன்."

வராந்தாவில் நின்றதை வெளியில் சொல்லக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான், அதனால் மற்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பிறகு, "ஊர்ல ஒருத்தருக்குக்கூட என் ஜன்னல் பக்கம் வரப் பிடிக்கலன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சேடா. எல்லாரையும் நிறுத்தி நிறுத்திப் பேசிப் பாரமா இருந்திருக்கேன். அவனை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி எழுது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். கூட்ட பஸ்ஸில் இடம் இல்லாமல் இறங்கிக்கொள்கிறவர்கள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மருமகனே, கிடைத்த முதல் விடுமுறையில் வா. மெஷினை ஏற்ற ஒரு வண்டி பேசிக்கொண்டு வா. அங்கே அவளுக்கு ஒரு ஜன்னல் ஒழித்துக் கொடு, ஆள் நடமாட்டம் உள்ள பக்கமாக. என் மேல் கோபம் இருந்தால் நேரில் திட்டிக்கொள், உனக்கு உரிமை உண்டு. உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், இந்த மாமனைப் போல் வாயில்லாமலும் போய்விடாமல், நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
ஊர் மன்ற உறுப்பினர் (வெட்கத்துடன்)

பின்குறிப்பு: மேலே எழுதியபடி எதையும் செய்யாதே. பாதியில் ஃபோனை எடுத்து வண்டி பேசியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

கடிதத்தை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டே சாயங்காலம் உன் அம்மா வீட்டுக்குப் போனேன், அவள் கையை நீட்டினாள். "என்னைப் பத்தித்தானே எழுதியிருக்க, கொடு" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். வராந்தா வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"எல்லாருமா வெளிய இருந்தீங்க? நர்ஸம்மாவுமா?"

"ஆமாக்கா."

"அப்போ யாருமே என்னை வேண்டாம்னு சொல்லலையா?"

"யாருமே எதுவுமே சொல்லலக்கா. அதான் வினையே."

முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதற்குப் பிறகு என்னைத் திட்டின திட்டை இங்கே எழுதினால் தபால்காரர் கடிதத்தை வாங்க மாட்டார். கடைசியில், "அடுத்த கூட்டம் எப்போ?" என்று கேட்டாள். அதுவரைக்கும் இதைத் தபாலில் போட விடவில்லை.

கூட்டத்தன்று பெரிய தெரு முழுக்கச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்று, அந்த முழங்காலோடு நடந்தே வந்தாள். நான் பின்னால் அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதை மன்றத்தின் முன்வாசலில் குறுக்கே போடச் சொல்லி அதில் உட்கார்ந்துகொண்டாள். சுவருக்குச் சிமெண்ட் பூசுவது பற்றி குமாஸ்தா படிக்க ஆரம்பித்தார். பழக்க தோஷம், நான் எழுந்துவிட்டேன்.

"எங்கடா போற?"

"மழை வர்ற மாதிரி..."

"வந்தா வரட்டும், அதுக்கு நீ எதுக்கு? உக்காரு."

தலைவர் சத்தமில்லாமல் பின்வாசலுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அங்கே கொத்தனாரை உட்கார வைத்திருந்தாள். பிறகு பொதுவாகச் சொன்னாள், "அடைக்கணும்னா அடைக்கணும்னு சொல்லுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. யாரு எதைச் சொன்னாலும் நாளைக்கு என் ஜன்னல்ல வந்து நின்னா நான் பேசத்தான் போறேன். உங்க வாயால சொல்லுங்க, அவ்வளவுதான்."

ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கக் கத்தின தொண்டை இது. அன்றைக்கு அதில் சத்தமே வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எனக்கு இந்தச் சுவர் வேண்டாம்" என்றேன். கூரை இடிந்து விழவில்லை. "எனக்கும் வேண்டாம்" என்றார் நர்ஸம்மா. பிறகு சைக்கிள் கடைக்காரர், பிறகு மற்றவர்கள், கடைசியில் தலைவர். டீ கொண்டு வந்த டீக்கடைக்காரர், "நானும் சொல்லலாமா? எனக்கும் வேண்டாங்க" என்றார். இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று தெரியாமல் குமாஸ்தா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கொத்தனார் கட்டினதைவிட வேகமாகச் சுவரை இடித்துவிட்டார். சந்து திறந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும், தான் சொல்லச் சொல்ல உனக்கு எழுதச் சொன்னாள். நான் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை:

"தம்பி, நீ கூப்பிடறப்ப எல்லாம் பாக்கலாம் பாக்கலாம்னு சொன்னேன். உங்க மாமா மாதிரி நானும் வெளிய போய்த்தான் நின்னிருக்கேன். நான் வரமாட்டேன்ப்பா. எனக்கு இங்க இருக்கத்தான் பிடிச்சிருக்கு. கோவிச்சுக்காத. ஆனா உன்னைப் பாக்காம இருக்க முடியல. அதையும் நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. நீ வந்துட்டுப் போ."