பன்னிரண்டு கடலட்டைகளும் என் நிரந்தர நியமனமும்

தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டுப் பாசியிடம் தோற்றவள் நான். இதை எழுதவே அலுப்பாக இருக்கிறது. ஆனால் நான் எழுதாவிட்டால் வீட்டிலுள்ளவர்கள் கூட்டிப் பெருக்கிச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பெண்கள் பாடசாலையில் தற்காலிக விஞ்ஞான ஆசிரியை. பாலையூற்றில் வீடு, வீட்டில் நோயாளி அம்மா. நியமனம் நிரந்தரமானால் அம்மாவோடு இருக்கலாம்; இல்லாவிட்டால் எங்கேயாவது தூக்கியடிப்பார்கள்.

கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், அவரை அசத்துவதற்கு ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தேன். வெள்ளை மணல், ஏழெட்டு வரி மீன்கள். எல்லாருக்கும் தெரியட்டும் என்று யன்னலுக்குக் கீழே வைத்தேன். (வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று அதே வகுப்பில் படிப்பித்தவளும் நான்தான்.)

மூன்றாம் நாள் மணல் முழுக்க மண்ணிறப் பாசி. கரண்டியால் வழித்தேன், மறுநாள் வந்தது. மணலை அள்ளிக் கழுவிப் போட்டேன், அதற்கும் வந்தது. அந்தக் கிழமை நான் படிப்பித்ததைவிடச் சுரண்டியதுதான் கூட.

கடைசியில், கடலில் மூழ்கி மீன் பிடித்துத் தந்த கிண்ணியாச் சுழியோடி நூர்தீன் நானாவிடம் அழாக்குறையாகச் சொன்னேன்.

“இதுக்குப் போய்க் கவலப்படுறீங்களே டீச்சர்! ஒரு கடலட்டய விடுங்க. மண்ணத் தின்னும், ஊத்தையச் செமிச்சிட்டு மண்ணச் சுத்தமாத் தள்ளும்.”

“ஒண்டு காணுமோ?”

“தாராளம். ஆனா நோண்டப்படாது. அதுட பாட்டுல விட்டிரணும்.”

ஒன்று எங்கே காணும்? கொழுத்த வெள்ளரிப்பிஞ்சு மாதிரிப் பன்னிரண்டு கேட்டு வாங்கினேன்.

அதிகாரி வரும் நாள் காலை பார்த்தால், பன்னிரண்டும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. பாசி அப்படியே இருக்கிறது. எனக்கு வந்ததே ஒரு விசர்! கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து, கதைக்கிற பிள்ளைகளைப் பிரித்து இருத்துவதுபோல, ஒவ்வொன்றையும் தள்ளி வரிசையாக்கினேன். அவை மெல்ல ஊர்ந்து மூலைக்குத் திரும்பும். நான் மறுபடி தள்ளுவேன். மூன்று பாடவேளை இதே கூத்து.

தலைமை ஆசிரியையான சிஸ்டர், பெருமையோடு அதிகாரியைக் கூட்டி வந்தார். அதிகாரி தொட்டிக் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தார்.

“கடலட்டை, சேர். மணலைச் சுத்தமாக்கும்” என்றேன்.

அந்த நேரம் பார்த்து முதலாவது அட்டை தன் குடலை வெளியே தள்ளியது. வெள்ளை வெள்ளையாக, நூல் நூலாக. பிறகு இரண்டாவது. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. (கரைச்சல் தாங்க ஏலாமல் போனால் அது குடலைக் கக்குமாம், சில சாதியில் அது நஞ்சாம். எல்லாம் முடிந்தபிறகு படித்தது!) தண்ணீர் கஞ்சியாகிவிட்டது. மீன்கள் ஒவ்வொன்றாக வயிறு காட்டி மிதந்தன.

“யேசுவே!” என்றார் சிஸ்டர்.

அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உங்களிட்டைப் பிள்ளையள் எப்பிடித் தாக்குப்பிடிக்கினம்?”

அடுத்த தவணையே தூரத்துக் கிராமமான கிளிவெட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவைச் சித்தியிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் வழிநெடுக அழுதேன்.

அங்கே கணக்குப் படிப்பித்தவரைத்தான் கட்டினேன். நான் போய்ச் சேருமுன்பே கதை அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பத்துப் பதினைந்து வருசமாகியும், இன்றைக்கும் நான் வேலையால் களைத்து வந்து குசினிக்குள் நிற்கும்போது, மனுசன் கதிரையை விட்டு எழும்பாமல் பிள்ளைகளுக்குச் சொல்லுவார்:

“அம்மாவோட தனகாதேங்கோ. குடலை எறிஞ்சாவெண்டால் இந்த வீட்டில ஒருத்தரும் மிஞ்சமாட்டியள்.”

பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். அவர் மட்டும் தேத்தண்ணி கேட்பார்.