டெலானிபூர் மூக்கும் ஷாதிபூர் மூக்கும்

மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிய வைர மூக்குத்தியை, மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து நகைக்கடை மேசைமேல் வைத்தாள் சுசீலா.

"இது வேணாங்க. மங்கலா கெடக்கு."

கடைக்காரர் பரமசிவத்துக்கு முகம் தொங்கிப்போனது. "நேத்துதானேக்கா கொண்டுபோனீங்க. வீட்டுல எதாச்சும் கெட்டது நடந்துச்சா?"

"கெட்டதெல்லாம் இல்ல. நேத்து நம்ம கடையில ரெண்டு ஈடு இட்லி கூடத்தான் போச்சு. ராசி நல்லா இருக்கு. மின்னல, அதான்."

"பத்து சென்ட் கல்லுக்கா. ஏக்தம் அசல். சர்ட்டிபிகேட்டே இருக்கு."

"கல்லைவிடப் பேப்பருதான் நல்லா மின்னுது."

விற்பனைப் பெண் சித்ரா சிரிப்பை அடக்க முடியாமல் டப்பாக்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

சுசீலாவின் கண்ணுக்கு ஓர் அளவு இருந்தது. டெலானிபூர் குவார்ட்டர்ஸ் ஸ்வப்னா மேடத்தின் மூக்குத்திதான் அந்த அளவு. சுனாமி கச்சால் தீவில் வீடு வாசலை வாரிக்கொண்டு போன பிறகு, மாற்றுச் சேலைகூட இல்லாமல் போர்ட் பிளேரில் வந்து இறங்கியவள் சுசீலா. மேடம் வீட்டில் நாலு வருஷம் பாத்திரம் கழுவினாள். மேடம் தங்கமான மனுஷி, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூக்குத்தி இருக்கிறதே, அம்மாடி. மேடம் இந்தப் பக்கம் திரும்பினால் சிவப்பு, அந்தப் பக்கம் திரும்பினால் பச்சை, சும்மா இருந்தால் நீலம். சாம்பலும் கையுமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள் சுசீலா.

இப்போது அவளுக்கு ஷாதிபூரில் சொந்தமாக இட்லிக் கடை. மேடத்தின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை உறையில் 'திருமதி சுசீலா பழனியாண்டி' என்று முழுப்பெயர் எழுதி வந்திருந்தது. நாலு தடவை படித்தாள். பிறகு புருஷனிடம் கொடுத்து ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

"முன்வரிசை நாற்காலியில உக்காருவேன். மேடம் மூக்குல என்ன மின்னுதோ, அதுல ஒரு பொட்டு கொறையாம என் மூக்குலயும் மின்னணும். எங்க வம்சத்துல தேயிலை பறிச்சாங்க, ரப்பர் பால் வெட்டினாங்க. வைரம் போட்டவ ஒருத்தி இல்ல. நான் போடுறேன்."

பழனியாண்டி தலையை மட்டும் ஆட்டினார். அந்த வீட்டில் அவர் வாயைத் திறப்பது சாப்பிடத்தான்.

பத்து சென்ட்டுக்குப் பதில் இருபது சென்ட் கல் வீட்டுக்கு வந்தது. பழனியாண்டி யாரோ சொல்லிக்கொடுத்தபடி அதன்மேல் வாயால் ஊதிப் பார்த்தார்.

"ஆவி நிக்கவே மாட்டேங்குது புள்ள. பக்கா வைரம்தான்."

"நீங்க ஊதுனா ஆச்சா? மேடம் மூக்குக்குப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்."

சுடச்சுடப் புட்டு அவித்துக்கொண்டு டெலானிபூர் போனாள். மேடம் சமையலறை ஜன்னலோரம் வெயிலில் நின்று டீ குடித்தார். சுசீலா முந்தானைக்குள் உள்ளங்கையை விரித்து ஒரு பார்வை, மேடம் மூக்கில் ஒரு பார்வை. அங்கே கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் போட்டதுபோல் ஏழு நிறமும் தெறித்தது. இங்கே வெள்ளையாக ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கல் கம்மென்று கிடந்தது.

மறுநாள் முப்பது சென்ட். கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணம் அதோடு போனது. இந்தத் தடவை குழிப்பணியாரம் சுட்டு எடுத்துப்போனாள். அதே ஜன்னல், அதே வெயில். கல் பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஏழு நிறம் வரவில்லை. சுசீலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அரே சுசீலா, நீ தெனம் எதுக்கு வர்றேன்னு எனக்குத் தெரியாதா?"

சுசீலா கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கல்யாண வீட்டுல உனக்கும் ஒரு பொறுப்பு வேணும். கேக்கக் கூச்சப்படுற. அச்சா, காலை டிபன் உன்னோடது. ஐந்நூறு பேருக்கு இட்லி."

"மேடம், நான் அதுக்கு..."

"ஒண்ணும் பேசாத. உன் கை பட்டா அது தனி ருசி."

கையில் வைரத்தை வைத்துக்கொண்டு வேறென்ன காரணம் சொல்வது? தலையை ஆட்டினாள். முன்வரிசை நாற்காலி போயே போய்விட்டது.

நேராகக் கடைக்குப் போனாள். பரமசிவம் இரண்டு கையையும் விரித்தார். "இதுக்கு மேல பெரிய கல்லு எங்கிட்ட இல்லக்கா. மெயின்லேண்டுல இருந்து கப்பல் வரணும். கல்யாணம் நாளான்னிக்கு."

சித்ராவுக்குப் பொறுக்கவில்லை. "எதைப் பாத்துட்டு வந்து இதை மங்கல்ங்கிறீங்க? அதையாச்சும் சொல்லுங்கக்கா."

"அது என் சொந்த விஷயம்," என்றாள் சுசீலா. பாத்திரம் கழுவிய வீட்டு மூக்கைப் பார்த்து அளவெடுக்கிறேன் என்று கடையில் நின்று சொல்வாளா? மூக்குத்தியை வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கல்யாணத்தன்று விடிகாலையிலிருந்து மண்டபத்துச் சமையற்கட்டில் ஆவி. பட்டுச்சேலை மேல் துண்டைக் கட்டிக்கொண்டு ஈடு ஈடாக இறக்கினாள். இட்லி பூப்போல வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூன்றாம் தடவை கேட்டு வந்தார்கள். கப்பல் கேப்டன் ஒருவர் சமையற்கட்டுக்கே வந்து, இதைச் செய்தது யார் என்று விசாரித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பெருமையெல்லாம் அவளுக்குப் பஞ்சமில்லாமல் கிடைத்தது. ஆனாலும் மேடம் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு காசைக் கொட்டியும் அந்த வீட்டு வாசற்படியிலேயே நிற்கிறோமே என்று மனசு வெந்தது.

விருந்தாளியாக வந்திருந்த சித்ரா தட்டோடு இட்லிக்கு வந்தாள். சுசீலாவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, கல்லு உங்களுக்கு என்னா அம்சமா இருக்கு," என்றாள்.

"போடி இவளே, ஆறுதல் சொல்ல வந்துட்டா. அங்க பாரு மேடத்தை. அது வைரம். அது பக்கத்துல நிக்க முடியாமத்தான் மூணு கல்லு மாத்துனேன்."

சித்ரா திரும்பி மேடத்தைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு சுசீலாவின் காதருகே குனிந்தாள்.

"அட கடவுளே, அதுவா அக்கா? அது எங்க கடையில நூத்தம்பது ரூபாய்க்கு வாங்குற அமெரிக்கன் டைமண்டு, மங்கிடும்னு வருஷா வருஷம் வந்து புதுசா மாத்திட்டுப் போவாங்க. இந்த மண்டபத்துலயே வைரம் போட்டிருக்குற ஆளு நீங்க ஒருத்தங்கதான்."