பதினாலு கோப்பைகள்

லண்டனில் எண்ணப்படாத தலை ஒன்று இருந்தால், அது தலையெண்ணி அண்ணையின் கண்ணில் படாத தலையாகத்தான் இருக்கும். தோர்ண்டன் ஹீத்தில் நான் பராமரிப்பாளராக இருந்த முதியோர் இல்லத்தின் அலுவலக எழுத்தர் அவர். பஸ்ஸில் ஏறினாலும் எண்ணுவார், கோயிலுக்குப் போனாலும் எண்ணுவார். என் தங்கையின் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து என் காதருகே குனிந்து, "பிள்ளை, முன்னூற்றிப் பன்னிரண்டு. ஐயரைச் சேர்க்கேல்லை" என்றார்.

எல்லோரும் சிரிப்போம். அந்த வருஷம் எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மேல்மாடியில் பதினொரு முதியவர்களுக்கு நான் ஒருத்தி. ஒருவரைக் குளிப்பாட்டும்போது இன்னொருவர் விழுந்துவிடுவாரோ என்று நெஞ்சு பதறும். இன்னொரு ஆள் வேண்டுமென்று மேலாளரிடம் கேட்டால், "படிவத்துல பத்தொன்பது பேர் இருக்காங்கம்மா. கவுன்சிலும் அது போதும்னு சொல்லிடுச்சு" என்பார். மதுரைக்காரர். பொல்லாதவர் அல்ல, கணினி சொல்வதை நம்புகிறவர்.

எத்தனை ஊழியர், எத்தனை இடம் காலி என்ற விபரத்தை வருஷாவருஷம், எங்களிடம் முதியவர்களை அனுப்பும் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கும் கண்காணிப்பு அதிகாரிகளுக்கும் அனுப்ப வேண்டும். அந்த முறை வேலை அண்ணையின் கைக்கு வந்தது. வேறு யாராவது என்றால் போன வருஷத்துப் படிவத்தை அப்படியே அனுப்பியிருப்பார்கள். அண்ணை ஊழியர் அறைக்குப் போய்த் தேநீர்க் கோப்பைகளை எண்ணினார். அங்கே ஆளுக்கொரு கோப்பை. அடுத்தவர் கோப்பையைத் தொட்டால் சண்டை வரும்.

"பிள்ளை, பேப்பரில பத்தொன்பது. கோப்பை பதினாலு. மிச்ச அஞ்சு பேரும் தேத்தண்ணி குடிக்கிறேல்லையோ?"

இரண்டு நாள் கோப்புகளுக்குள் கிடந்து கண்டுபிடித்தார். எங்களில் சிலருக்கு பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முன்னால், பயிற்சிச் சான்றிதழில் பின்னால். முன்பிருந்த வெள்ளைக்கார எழுத்தர் ஐந்து பேரை இரண்டிரண்டு ஆட்களாகப் பதிந்துவிட்டார். அண்ணையும் அதில் ஒருவர், நானும் ஒருத்தி. மேல்மாடியில் எனக்குத் துணையாக இருக்கிறாள் என்று கவுன்சில் நம்பிய ஆள் நானேதான்!

மேலாளரின் முகம் வெளுத்தது. "இப்போ ஏன் இதைக் கிளப்புறீங்க அண்ணே? கவுன்சில் முதியவங்களை அனுப்பறதையே நிறுத்திடும். உங்க வேலையும் போயிடும்."

"போனால் பதின்மூண்டு எண்டு எழுதுங்கோ. படிவத்தில இருக்கிற ஆள் வந்து அந்தச் சனத்தைக் கட்டிலால தூக்கிவிடுமோ, தம்பி?"

திருத்தி அனுப்பிவிட்டார். விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். அண்ணை அந்த அம்மாவைக் கோப்பைகளுக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தொட்டு உரியவரின் பெயரைச் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். கவுன்சில் மூன்று மாதம் புதிதாக முதியவர் யாரையும் அனுப்பவில்லை. ஆனால் மேல்மாடிக்கு இன்னொருத்தி வந்தாள், கையும் காலும் உள்ள நிஜ ஆள். அன்று குளியலறைக் கதவடியில் நின்று அழுதேன்.

அண்ணையின் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. கடைசி நாளன்று பட்டியலிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்தார். தன் கோப்பையைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தார்.

"வாறன், பிள்ளை. இண்டைக்கு மேல்மாடியில ரெண்டு பேரும் நிக்கிறியளோ?"

"ஓம், அண்ணை. ரெண்டு பேரும்தான்."

தலையாட்டிவிட்டுப் போனார்.

ஐந்து பேரின் இரட்டைப் பதிவையும் அவர் அழித்தது சரிதான். ஆனாலும் அவர் ஒருவராவது நிஜமாகவே இரண்டு பேராக இருந்திருக்கலாம்.