வலப்பக்கம் மூன்று அங்குலம்

லியோனின் மொறிஸ் மைனர் காருக்கு வலப்பக்கம் மூன்று அங்குலம் உயரம். தொண்ணூற்றியொன்றாம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் குருநகரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சண்டையும் பொருளாதாரத் தடையும் வந்து, பெற்றோலைக் கண்ணால் கண்டே ஒரு வருஷத்துக்கு மேல். ஊரே சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்தது. கார் மட்டும் கிடுகுக் கொட்டிலுக்குள், யாரோ சொல்லும் இரகசியத்துக்குக் காது கொடுப்பதுபோல, இடப்பக்கம் சரிந்து நின்றது.

"ஏன் அண்ணை கார் சரிஞ்சு நிக்குது?" என்று போகிறவர் வருகிறவர் கேட்பார்கள்.

"அது வளைவிலை ஓடுறதுக்கெண்டு செய்வித்தது. உங்களுக்கு விளங்காது" என்பார் லியோன்.

விளங்காதுதான். விளங்கவேண்டுமென்றால் எண்பத்து நாலாம் ஆண்டுத் தவக்காலத்துக்குப் போகவேண்டும். அப்போது பெற்றோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஆனால் லியோனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கவில்லை. அதுதான் பிரச்சினை.

லியோன் வள்ளக்காரர் பரம்பரை. கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பார் என்பதால் தகப்பன் அவருக்கு ஒரு வலைக்கடை போட்டுக்கொடுத்துக் கரையிலேயே இருத்திவிட்டார். நூல், தக்கை, ஈயக்குண்டு விற்று வாழ்ந்த மனிதருக்கு உலகத்தில் இரண்டே ஆசைகள். ஒன்று, அந்த வெளிறிய பச்சை மொறிஸ் மைனர். மற்றது முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். கடதாசி விளையாட்டில் அவருக்கும் சந்தியோகுவுக்கும் ஈடான சோடி குருநகரில் இல்லை என்று அவர்கள் இருவரும் சொல்லிக்கொள்வார்கள்.

ஞாயிறு பூசை முடிந்தால் சந்தியோகு வீட்டு முற்றத்தில் பாய் விரிப்பார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து லியோனின் மனைவி மக்டலீன் கைப்பையோடு காரில் ஏறிவிடுவாள். பண்டத்தரிப்பில் அவளுடைய அக்கா பெர்னடெட் இருந்தாள். அக்காவின் புருஷன் கப்பலில். தாயும் தகப்பனும் போன பிறகு மக்டலீனுக்கு இருந்த ஒரே இரத்த உறவு அவள்தான். அக்காவும் தங்கையும் மத்தியானம் கதைக்கத் தொடங்கினால் ஆறு மணிக்குத்தான் மூச்சு விடுவார்கள். லியோன் விறாந்தையில் இருந்து, போன வருஷத்துக் கலண்டரில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். குருநகரில் மூன்று பேர் நாலாவது ஆள் இல்லாமல் கடதாசிக் கட்டைக் குலைத்துக் குலைத்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

'போகமாட்டன்' என்று சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் மக்டலீனைக் கண்டதில்லை.

ஆகவே லியோன் ஒரு மகா தீர்மானம் எடுத்தார். தான் மறுக்கக்கூடாது. மக்டலீனே 'இனி இந்தக் காரிலை ஏறமாட்டன்' என்று சொல்லவேண்டும். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். காரின் ஸ்பிரிங்குகளை இறுக்குவது!

அந்தக் கார் வளைவுகளில் வள்ளம்போலச் சரியும் என்பது உண்மை. வள்ளக்காரர் மகன் அல்லவா, ஒவ்வொரு வளைவிலும் லியோன், "இஞ்சாலை சாய்! இஞ்சாலை சாய்!" என்று கத்துவார். வள்ளம் கவிழாமல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஏறியிருக்கிற தண்டையல்போல மக்டலீனும் சாய்வாள். மானிப்பாய்ச் சந்தியில் நின்ற சனம் சிரித்தும் இருக்கிறது.

"இஞ்சேர் மக்டலீன், இனி நீ சாயத் தேவையில்லை. காரைப் பேதுருவின்ரை கராச்சிலை விடப்போறன். வளைவிலை றோட்டை ஒட்டிப்பிடிச்சுக்கொண்டு போகும்."

"இப்ப ஏன் திடீரெண்டு?"

"உன்ரை பாதுகாப்புக்குத்தான்."

மக்டலீன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கலியாணம் கட்டிப் பதினெட்டு வருஷத்தில் அவர் அவளுடைய பாதுகாப்பைப் பற்றிக் கதைத்தது அதுதான் முதற்தரம்.

"நல்லது, செய்யுங்கோ" என்றாள்.

பேதுருவின் கராச்சில் லியோன் கட்டளைகளை அடுக்கினார். பின்பக்க ஸ்பிரிங்குக்கு லொறித் தகடு இரண்டு கூடப் போடவேண்டும். முன்பக்கத்து முறுக்குக் கம்பியை ஏலுமானமட்டும் முறுக்கவேண்டும். ஷொக் அப்சோபருக்குள் தடித்த ஒயில் விடவேண்டும்.

"அண்ணை, கல்லிலை இருந்து போற மாதிரி இருக்குமே" என்றான் பேதுரு.

"இருக்கட்டும்."

"மக்டலீன் அக்கா பாவமல்லோ?"

"தம்பி, உனக்குக் கார் தெரியும். எனக்கு வீடு தெரியும். சொன்னதைச் செய்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பேதுருவின் மூத்த பெட்டைக்கு ஞானத்தாய் மக்டலீன். ஞானஸ்நானத் தொட்டியடியில் பிள்ளையை ஏந்திய கை அது. லியோன் இதை மறந்துபோனார். அன்று அவருடைய மூளை முழுக்கத் துரும்புக் கடதாசிதான் நின்றது.

தவக்காலத்து முதல் ஞாயிறு புறப்பட்டார்கள். ஆனைக்கோட்டை தாண்டமுன்னரே லியோனின் பல்லெல்லாம் ஒன்றோடொன்று அறிமுகமாகிவிட்டன. ஒவ்வொரு குழிக்கும் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. முதுகுக்குக் கீழே நாரி நாலாக மடிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆனந்தம். 'எனக்கே இப்பிடியெண்டால் அவளுக்கு எப்பிடி இருக்கும்!'

கடைக்கண்ணால் பார்த்தார். மக்டலீன் கண்களை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு சாந்தம்.

"எ... என்னப்பா, கனக்கக் குலுக்குதோ?"

"ஓம், குலுக்குதுதான்."

"அப்ப திரும்புவமோ? வருத்தம் கிருத்தம் வந்திடும்."

"திரும்பிறதோ? இஞ்சாருங்கோ, இது தவக்காலம். இந்த முறை என்ன ஒறுத்தல் செய்யிறதெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். ஆண்டவராய்ப் பார்த்துத் தந்திருக்கிறார். குலுக்குக்கு ஒண்டாய் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒப்புக்குடுத்துக்கொண்டு வாறன். சங்கானை வாறதுக்குள்ளை நூறு பேர் மோட்சம் போயிடுவினம்!"

சந்தோஷமாகத் துன்பப்படுகிறவளை எந்தக் காரால் என்ன செய்யமுடியும்? வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் சாதாரண நாளாக இருக்க, குருநகர் வேதக்காரர் ஒருவர் தன் பெண்சாதியைக் கஷ்டப்படுத்தித் திருத்தத் தெரிந்தெடுத்தது அந்த நாற்பது நாளை!

"நான் ஒண்டு யோசிச்சன்" என்றாள் மக்டலீன், பண்டத்தரிப்பில் இறங்கும்போது. "வெள்ளிக்கிழமையளிலையும் வருவம். அக்காவோடை சிலுவைப்பாதைக்குப் போகலாம். ஒரு நாள் ஒறுத்தல் காணாது."

"வெள்ளிக்கிழமை கடை..."

"ரெண்டு மணிக்குப் பூட்டுங்கோ. ஆண்டவருக்காக."

மடியில் அவள் அக்காவுக்கென்று ஒரு பெட்டி நிறைய முட்டை கொண்டுவந்திருந்தாள். ஒன்றுகூட உடையவில்லை. லியோன் அதையும் பார்த்தார். 'செபத்தின்ரை சக்தி' என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொரு புதினமும் நடந்தது. இடப்பக்கம் திருப்பினால் கார் பாறைபோல நேராக நின்று திரும்பியது. வலப்பக்கம் திருப்பினால் பழையபடி வள்ளம்தான். மக்டலீன் பக்கம் மெதுவாகத் தாழ்ந்து, மெதுவாக நிமிரும். 'காத்து அந்தப் பக்கத்தாலை அடிக்குது' என்று வள்ளக்காரர் மகன் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

இப்படியாக வெள்ளியும் ஞாயிறும், வெள்ளியும் ஞாயிறும். மூன்றாம் கிழமை லியோன் நின்றபடியே சாப்பிட்டார். நாலாம் கிழமை பூசையில் முழங்காலில் இருந்தவர் எழும்பவில்லை. பக்தி முற்றிவிட்டது என்று சனம் கதைத்தது. சந்தியோகு தனக்கு வேறு சோடி பிடித்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது லியோனுக்கு நாரியைவிட நெஞ்சு நொந்தது.

ஐந்தாம் கிழமை பேதுருவிடம் போனார்.

"தம்பி, காணும். எல்லாத்தையும் கழட்டிவிடு."

"எல்லாத்தையும் எண்டால்?" பேதுரு தலையைச் சொறிந்தான். "போட்டது உங்கடை பக்கத்திலை மட்டுந்தானே, அண்ணை."

"என்னடா சொல்லுறாய்?"

"அக்கான்ரை பக்கம் நான் தொடேல்லை. பழைய தகடுதான். கிறீஸ் மட்டும் பூசிவிட்டனான். பஞ்சு மாதிரிக் கிடக்கும்."

லியோன் ஒரு பழைய ரயர் மேல் இருக்கப் போனார். இருக்க முடியவில்லை. நின்றார்.

"ஆர் சொன்னது?"

"அக்காதான். நீங்கள் காரைக் கொண்டுவந்து விட்ட அண்டைக்கே வந்தவ. நீங்கள் சந்தியோகு அண்ணைக்குத் திட்டத்தைச் சொல்லியிருக்கிறியள். அவர் தன்ரை பெண்சாதி ஸ்ரெல்லா அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார். ஸ்ரெல்லா அக்கா கோயில் வாசல்லை வைச்சு... நான் என்ன அண்ணை செய்யிறது? என்ரை பிள்ளையின்ரை ஞானத்தாய் வந்து நிண்டு கேட்டால் மாட்டன் எண்டு சொல்லேலுமோ?"

முட்டை, சாந்தமான முகம், ஒரு பக்கத்துக்கு மட்டும் அடித்த காற்று எல்லாம் லியோனுக்கு ஒன்றாக விளங்கின.

"சரி, இப்ப கழட்டு."

"கழட்டலாம். ஆனால் அக்கா அதுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத்தான் போனவ."

"என்னவாம்?"

"ஏன் இறுக்குவிச்சது எண்டதை நீங்கள் உங்கடை வாயாலை தனக்குச் சொல்லவேணுமாம். சொன்னால் அண்டைக்கே கழட்டட்டாம்."

ஒரு நிமிஷ வேலை. 'உன்னை ஏத்தாமல் விடத்தான் செய்தனான்' என்ற ஒரு வசனம். ஆனால் லியோனால் அதைச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போனார். மக்டலீன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "கார் என்னமாதிரி?" என்று கேட்டாள்.

"திறம்" என்றார் லியோன். "வளைவிலை ஒட்டிப்பிடிக்குது."

அந்தத் தவக்காலம் முடிந்தது. உயிர்த்த ஞாயிறு வந்தது. அடுத்த தவக்காலமும் வந்தது. லியோன் சொல்லவேயில்லை. ஆறு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கல்லில் இருந்தே பண்டத்தரிப்புக்கு ஓடினார். மக்டலீனும் கேட்கவேயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி வந்ததும் அவருடைய நாரிக்குச் சுடுதண்ணி ஒத்தடம் மட்டும் கொடுத்தாள்.

பிறகு பெற்றோல் நின்றது. கார் கொட்டிலுக்குள் போனது. சந்தியோகு குடும்பம் கடலால் இந்தியாவுக்குப் போய்விட்டது. மற்ற இரண்டு பேரில் ஒருவர் கொழும்பு, ஒருவர் கனடா. கடதாசிக் கட்டு லியோனின் கடை மேசை லாச்சிக்குள் கிடந்தது. எந்த ஞாயிறுகளுக்காக அவர் இவ்வளவு பாடுபட்டாரோ, அந்த ஞாயிறுகள் முழுக்க முழுக்க அவருக்கே கிடைத்தன. அவற்றை வைத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. காருக்குள் ஏறி, மக்டலீன் வழக்கமாக இருக்கும் சீற்றில் வெறுமனே இருப்பார். பண்டத்தரிப்பு விறாந்தையும், பெர்னடெட் மச்சாள் கொண்டுவந்து வைக்கும் பயித்தம் பணியாரமும், உள்ளே இரண்டு பெண்களின் ஓயாத சிரிப்பும் நினைவுக்கு வரும். அந்தச் சத்தம் இல்லாமல் ஞாயிறு ஞாயிறாக இல்லை என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவரே சொன்னார்.

"மக்டலீன், வெளிக்கிடு. அக்காட்டைப் போவம்."

"எதிலை?"

"சைக்கிளிலை. நான் உழக்கிறன்."

மக்டலீன் அவரை மறுபடி ஒரு பார்வை பார்த்தாள். இந்தமுறை கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. ஓடிப்போய்க் கைப்பையை எடுத்துவந்தாள்.

ஆனைக்கோட்டை தாண்டியது. குழிகள் பழையபடியே இருந்தன. இன்னும் நாலு கூடியும் இருந்தன. ஒவ்வொன்றும் சீற்றுக்குள்ளால் லியோனின் மூளைவரை ஏறியது. பின்னுக்குக் கரியரில் இருந்த மக்டலீன் ஒரு முனகல் முனகவில்லை. மானிப்பாய் வளைவில் லியோனுக்கு மனம் இளகிவிட்டது.

"இஞ்சேர், உனக்கு ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ."

"அந்தக் காரை... அது வளைவுக்கில்லை. நீ ஏறாமல் விடுவாய் எண்டுதான் இறுக்குவிச்சனான். கடதாசி விளையாட."

ஏழு வருஷப் பாரம். சொல்லி முடித்ததும் சைக்கிளே இலேசாகிவிட்டதுபோல இருந்தது.

"அப்பாடா, சொல்லிப்போட்டியள்" என்றாள் மக்டலீன். "நாளைக்கே பேதுருட்டைச் சொல்லிக் கழட்டுவிக்கலாம்."

"இனிக் கழட்டி என்ன? பெற்றோல் எங்கை?"

"அதுக்கு நான் என்ன செய்ய? நீங்கள் முந்தியே சொல்லியிருக்கலாமே!"

லியோன் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பில் சைக்கிள் ஒரு பெரிய குழிக்குள் இறங்கி ஏறியது. லியோனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பின்னுக்குச் சிரிப்பு விட்டுப்போகவேயில்லை. குழிக்குள்ளும் குலுங்காத அந்தச் சாந்தம் ஏதோ பழகிய மாதிரி இருந்தது.

சைக்கிளை நிற்பாட்டினார். இறங்கிக் குனிந்து கரியரைப் பார்த்தார். தடித்த மெத்தை ஒன்று. அதன் கீழே, வடிவாகப் பூட்டி, நாலு சுருள் ஸ்பிரிங்.

"இது எங்காலை?"

"கார்ச் சீற்றுக்குள்ளை இருந்ததுதான். சும்மாதானே கிடக்குதெண்டு போன மாசம் பேதுருவைக் கொண்டு பூட்டுவிச்சனான். எண்டைக்கோ ஒருநாள் நீங்களாய் 'வெளிக்கிடு' எண்டு சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும்."

"ஆரின்ரை சீற்றிலை இருந்தது?"

"உங்கடையிலை."

பண்டத்தரிப்பு வருமட்டும் லியோன் எழும்பி நின்றே உழக்கினார்.