வராதவருக்கு ஒரு நாற்காலி

மஸ்கட்டில் ஏசிக் காற்றில் நலமாக இருக்கும் அண்ணன் மாணிக்கவேல் அவர்களுக்கு, விருத்தாசலத்தில் சூளைக் காற்றில் நலமாக இருக்கும் தம்பி கொளஞ்சிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சித்தப்பாவும் அவருடைய பொம்மைக் கம்பெனியும் நலம். அங்கு உன்னுடைய நலத்தையும் உன்னுடைய மேனேஜ்மெண்ட் அறிஞர்களின் நலத்தையும் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டால், 'காது கொடுத்துக் கேட்பதே தலைவனின் முதல் குணம்' என்று ஒரு அமெரிக்கக்காரர் சொன்னதைப் பதிலாக அனுப்புற, ஆனா நான் அனுப்புனத நீ கேக்கறதில்ல. அதான் மங்கலம்பேட்டை ரியாஸ் பாய் லீவு முடிஞ்சு அங்க கெளம்பறாருன்னு இத அவருகிட்ட குடுத்து விடறேன். பேப்பரு நடுவுல உன்னால பேச முடியாதில்ல.

காலேஜ பாதியில உட்டவன் சொல்றானேன்னு நெனைக்காத. நீ தெனம் சித்தப்பாவுக்கு அனுப்புற மெசேஜாலதான் இங்க எல்லா கூத்தும். முதலாளின்னா ரூமுல உக்காரக் கூடாது, வேலை நடக்கற எடத்துல நடந்துகிட்டே இருக்கணும்னு ஒரு அறிஞர் சொன்னாருன்னு அனுப்புன பாரு, மறுநாளே சித்தப்பா நடக்க ஆரம்பிச்சிட்டாரு. நம்ம ஷெட்டுல நடக்க எடம் எங்க இருக்குது? காயப் போட்டிருந்த, இன்னும் சுடாத மண்ணு யானைங்க மேலயே நடந்தாரு. அடுத்து ஜப்பான்காரரு. எது தப்பாப் போனாலும் அஞ்சு தடவ 'ஏன்'னு கேட்டா வேர புடிச்சிடலாமாம். பெயிண்ட் அடிக்கற நீலாவதி அக்கா கையில ஒரு பிள்ளையாருக்குத் தும்பிக்கை உடஞ்சிது. "ஏன் உடஞ்சிது?"ன்னாரு. "கை தவறிட்டுதுங்க." "ஏன் தவறிச்சு?" "தூக்கமில்ல." "ஏன்?" "கொசு." "ஏன் கொசு?" "எங்க தெரு சாக்கடை ரொம்பி நிக்குது." "ஏன் நிக்குது?" "அத நீங்க ஓட்டுப் போட்ட மெம்பர கேளுங்க." அஞ்சு ஏன் முடிஞ்சிட்டுது. பிள்ளையாரு தும்பிக்கை இல்லாமதான் நிக்கறாரு.

அதோட உட்டியா? ஏதோ ஒரு பெரிய கம்பெனியில மீட்டிங்குக்கு மீட்டிங்கு ஒரு சேரக் காலியா போட்டு வெப்பாங்களாம், அது கஸ்டமரு சேராம், எந்த முடிவெடுத்தாலும் அதப் பாத்து, இவருக்கு இது புடிக்குமான்னு யோசிக்கணுமாம். சித்தப்பா செவப்புல கை வெச்ச சேரு ஒன்னு வாங்கி ஷெட்டு நடுவுல போட்டாரு. நாங்கள்லாம் கீழ. நீலாவதி அக்கா கேட்டுச்சு, "ஏங்க, வராதவருக்கு சேரு, வந்தவங்களுக்குத் தரையா?" சித்தப்பா, "இதான் லீடர்ஷிப்பு, உனக்குப் புரியாது"ன்னுட்டாரு. கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டரு குடுக்க சிதம்பரத்துலேருந்து ஒரு கடைக்காரரு வந்தாரு. நல்ல வெயிலு, வயசானவரு, வந்ததும் அந்த சேருல உக்காரப் போனாரு. சித்தப்பா பதறிப்போயி, "அதுல உக்காராதீங்க, அது கஸ்டமருக்கு"ன்னாரு. "அப்ப நான் யாருய்யா?"ன்னு கேட்டுட்டு அவரு பக்கத்து ஷெட்டுக்குப் போயிட்டாரு. ஆர்டரும் கூடவே போயிட்டுது.

அன்னிக்கு சாயந்தரமே சித்தப்பா சேர வண்டியில கட்டி எடுத்தாந்து, "அண்ணி, இத என் கண்ணுல காட்டாதீங்க"ன்னு நம்ம வூட்டுல போட்டுட்டுப் போயிட்டாரு. அதோட கத முடிஞ்சிதுன்னு பாத்தா, வரவேண்டியவங்களுக்காகப் போடற சேருன்னு நீலாவதி அக்கா அம்மாகிட்ட சொல்லியிருக்குது. அம்மா அத ஃபேனுக்கு நேர் கீழ, நீ உக்காந்து சாப்புடுவியே அங்க போட்டுட்டாங்க. நான் உக்காரப் போனா, "எந்திரிடா, அது பெரியவன் சேரு." எனக்கு செவுத்தோரம். காத்தே வராது. இப்ப எதுக்கெடுத்தாலும் அந்த சேரத்தான் பாக்கறாங்க. செவுத்துக்கு நீலம் அடிக்கலாம்னா, சேரப் பாத்துட்டு, "அவனுக்குப் பச்சைதான் புடிக்கும்." சந்தையில கத்திரிக்கா பிஞ்சு பிஞ்சா கெடக்குது, "அவனுக்கு ஆவாதுடா, அரிக்கும்." உனக்கு அரிக்குமாம், மஸ்கட்டுல இருந்துகிட்டு. நீ இருந்தப்பவாவது உனக்குத் தனியா ரசம் வெச்சிட்டு எங்களுக்கு ஆக்குவாங்க, நீ போனதுலேருந்து இந்த வூட்டுல கத்திரிக்கா கொழம்பே கெடையாது. நான் கடுப்பாயி, "அவன் என்ன நம்ம வூட்டு கஸ்டமரா?"ன்னு கேட்டேன். அம்மா சொன்னாங்க, "இல்லடா. கஸ்டமருன்னா எப்பவாச்சும் வந்துடுவாரு."

நான் வண்டிய எடுத்துகிட்டுக் கெளம்பிட்டேன்.

உன் வண்டிய நான்தான் ஓட்டறேன். நீ ஓட்டி நான் பின்னாடி உக்காந்தே பழகினதா, கம்மாபுரம் ரோட்டுல தனியா போனா வண்டி வெயிட்டே இல்லாம துள்ளுது. டயருல காத்து அதிகம்னு நெனைக்கறேன்.

இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே வேலை பாக்க கையெழுத்துப் போடட்டுமான்னு கேட்டிருந்த. தாராளமா போடு. நீ இல்லாம இங்க எதுவும் நிக்கல. சித்தப்பாவ நான் பாத்துக்கறேன், அம்மாவ சேரு பாத்துக்குது. பழமலைநாதர் உன்ன எந்தக் கொறையும் இல்லாம அந்த ஏசிக்குள்ளயே வெச்சிருக்கட்டும். ரூமுல இருக்கறவங்களயும் உன் அறிஞருங்களயும் நான் கேட்டதா சொல்லு.

இப்படிக்கு,
செவுத்தோரத்துத் தம்பி,
கொளஞ்சிநாதன்

பின்குறிப்பு: கவர ஒட்டப் போறப்ப அம்மா வந்து, "கையெழுத்துப் போடச் சொல்லி எழுதிட்டியா?"ன்னாங்க. எழுதிட்டேன்னேன். அம்மா அந்த சேர ரொம்ப நேரம் பாத்துகிட்டே நின்னாங்க. அப்புறம், "அவன் வேணாங்கறான்டா"ன்னாங்க. மேல எழுதுனதெல்லாம் உட்டுடு. போடாத. வந்து உக்காரு. நாங்க கத்திரிக்கா சாப்புடணும்.