அரைவெளிச்சத்தில் ஒரு காதுகுத்து

பிள்ளை இருட்டுக்குப் பயந்தால் தப்பா, பயப்படாவிட்டால் தப்பா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை.

பட்டப்பகலையே மிரளவைக்கத் தெரிந்தவர் திண்டுக்கல்லில் ஒருவர்தான். எங்கள் தெரு வீடியோக்காரர். பேய்ப்படம் எடுப்பது அவர் லட்சியம். கிடைத்ததெல்லாம் கல்யாணமும் வளைகாப்பும். அதனால் அவற்றையே பேய்ப்படமாக எடுத்தார். ஊர் வைத்த பெயர் அரைவெளிச்சம். ஒரு வளைகாப்பில் வளையல்களின் நிழலையே சுவரில் காட்டிக்கொண்டிருந்து, கர்ப்பிணியைக் காட்ட ஏழு நிமிடம் ஆக்கினாராம்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இருட்டென்றால் அலறுவாள். பள்ளிக் கழிப்பறை, நீண்ட தாழ்வாரத்தின் இருட்டுக் கோடியில் இருந்தது. நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்து வயிற்றுவலியோடு வருவாள். டாக்டர், மந்திரிப்பு, எதுவும் பலிக்கவில்லை. இந்த லட்சணத்தில் அவள் காதுகுத்துக்கு நான் பிடித்த ஆள் அரைவெளிச்சம். மற்ற வீடியோக்காரர்களுக்கு அன்று வேறு முகூர்த்தம்.

வடமதுரைப் பக்கம் மண்டபம். காலை எட்டு மணி. வந்ததும் ஜன்னல்களை அடைத்தார், டியூப்லைட்டுகளை அணைத்தார், ஒரே ஒரு விளக்கைத் தரையில் வைத்தார்.

"அண்ணே, கரண்டு இருக்கு. லைட்டப் போடுங்க."

"தங்கச்சி, மேலருந்து வெளிச்சம் அடிச்சா மாமன். கீழருந்து அடிச்சா பேயி."

"எனக்கு மாமன் போதும்ணே."

"செத்த நேரம் இரு. மாமன உடனே காட்டக்கூடாது. கதவக் காட்டணும். யாரு வாரான்னு சனம் தவிக்கணும்."

"அதான் பத்திரிகையிலயே போட்டிருக்கே," என்றார் என் மாமியார்.

சீர்த்தட்டோடு என் தம்பி வெளியே நிறுத்தப்பட்டான். கதவு பாதி திறந்தது. முதுகில் அடித்த வெயிலில் அவன் நிழல் மட்டும் நீண்டு உள்ளே வந்தது. பிறகு தட்டு. கடைசியில்தான், கீழிருந்து வெளிச்சம் வாங்கிய முகம்.

வீடியோ கைக்கு வந்ததும் வீட்டில் போட்டுப் பார்த்து, "ஏக்கா, இது நானா?" என்றான் தம்பி. மாமியார் டிவிக்குத் திருநீறு பூசினார். நான் மகளின் கண்ணைப் பொத்தினேன். அவள் கையை விலக்கினாள்.

"அது மாமாம்மா. தட்டுல லட்டு இருக்கு."

பிறகு தினமும் அதைப் போடச்சொல்லிப் பார்த்தாள். ஒரே மாதத்தில் பள்ளிக் கழிப்பறைக்குத் தனியாகப் போய்வந்தாள். பயமாக இல்லையா என்றேன்.

"கதவு பாதிதான் திறந்திருந்துச்சு. மாமா வாராரான்னு பாத்தேன்."

இப்போது வயிற்றுவலி எனக்கு. வாசலில் எந்த நிழல் விழுந்தாலும், லட்டு வந்துவிட்டதென்று கதவைத் திறக்க ஓடுகிறாள்.

தை மாதம் மகனுக்குக் காதுகுத்து. பளிச்சென்று எடுக்கும் வேறு ஆளைப் பார்க்கச் சொல்கிறார் கணவர். நியாயம்தான். அனுபவப்பட்ட வாசகர்கள் சொல்லுங்கள், யாரைக் கூப்பிட?

சீக்கிரம் எழுதுங்கள். மண்டபம் பார்த்தாயிற்று. கதவு பாதியில் நிற்கிறதா என்று தள்ளிப் பார்த்த பிறகுதான் சரியென்றேன்.